வாரிசு இல்லை என்று எழுதியவள்

மாதம் பிறந்தால் எங்கள் குழுவின் நிகழ்ச்சி நிரலைத் தட்டச்சு செய்து வாட்ஸாப்பில் போடுவது என் வேலை. அவரவர் குடும்பத்தின் பழைய வரலாற்றைத் தேடுகிறவர்கள் சேர்ந்த குழு அது. கோயம்புத்தூரில் ஒரு பேக்கரிக்கு மாடியில் கூடுவோம். கீழே தேங்காய் பன் வேகும் வாசனை வரும்போது யாருக்கும் கொள்ளுத்தாத்தாவின் நினைவு நிற்காது. அதனால் பேச்சை நான்கு மணிக்குமுன் முடித்துவிட வேண்டும் என்று ஒரு விதியே வைத்திருக்கிறோம்.

அந்த மாத நிரலில் மூன்று வரிகள். இரண்டாம் சனிக்கிழமை, பழைய பத்திரம் படிக்கும் பயிற்சி; வீட்டிலிருந்து ஒரு பத்திரம் கொண்டு வரவும், தயவுசெய்து லேமினேட் செய்து கொண்டு வர வேண்டாம். மூன்றாம் சனிக்கிழமை, பழைய கல்யாணப் புகைப்படத்தில் இருப்பவர் யார் என்று நகையை வைத்துக் கண்டுபிடிப்பது பற்றிக் கிணத்துக்கடவிலிருந்து வரும் ஓர் அம்மாளின் பேச்சு. கடைசி ஞாயிற்றுக்கிழமை, காங்கேயம் பக்கம் ஒரு குலதெய்வக் கோயிலுக்கு வேனில் பயணம், அங்கே கல்லில் வெட்டப்படும் வம்சாவளியை நேரில் பார்க்கலாம்.

அந்தக் கோயில் எங்கள் குடும்பத்துக் கோயில். அந்த வம்சாவளி நான் தயாரித்தது. பதினோரு வருஷம் ஞாயிற்றுக்கிழமைகளில் பஸ் ஏறி, வீடு வீடாகக் காபி குடித்துச் சேர்த்தது. கோயிலைப் புதுப்பித்து ஆவணியில் கும்பாபிஷேகம் செய்வதாகவும், ஆறு கருங்கல் பலகைகளில் வம்சாவளியை வெட்டுவதாகவும் கமிட்டி முடிவு செய்தபோது, மொத்தத்தையும் ஒரு பென்டிரைவில் போட்டுக் கொடுத்தேன். மூன்றாவது வரியைத் தட்டச்சு செய்தபோது எனக்குக் கொஞ்சம் தலைக்கனம் இருந்தது, மறைப்பானேன்.

மறுநாள் காலையில் கமிட்டியிலிருந்து கல்லில் ஏறப்போகும் வாசகத்தின் நகல் போனில் வந்தது. ஆறாவது பலகையில் அப்பாவின் பெயரைத் தேடினேன். இருந்தது. அதற்குக் கீழே 'வாரிசு இல்லை' என்று போட்டிருந்தது.

நான் அப்பாவுக்கு ஒரே மகள். எனக்கு ஐம்பத்தொன்பது வயது. ஒரு மகன், ஒரு மகள், சர்க்கரை, ஸ்கூட்டர், வங்கியில் இருபத்தெட்டு வருஷ வேலைக்கான பென்ஷன் எல்லாம் இருக்கிறது. நான்தான் இல்லை. காபி ஆறிப்போனது தெரியாமல் அந்த இரண்டு சொற்களையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அழுகை வரவில்லை. எனக்குக் கோபம் வந்தால் அழுகை வராது, பசிதான் வரும்.

நான்கு இட்லி சாப்பிட்டுவிட்டுப் பெரியப்பாவுக்குப் போன் செய்தேன். அவர் அப்பாவின் பங்காளி, கமிட்டித் தலைவர். காங்கேயத்துக்குப் பக்கத்தில் தோட்டத்தில் இருக்கிறார்.

"ஏனுங்க பெரியப்பா, எங்கப்பனுக்கு வாரிசு இல்லீங்களா?"

"கோவிச்சுக்காத கண்ணு. கோயல் வழக்கம் அப்படி. தலைக்கட்டுக்குத்தான் கல்லு."

எங்கள் பக்கம் கல்யாணமான ஆண் ஒவ்வொருவரும் ஒரு தலைக்கட்டு. கோயில் வரி, திருவிழாப் பங்கு, பொங்கல் பானை எல்லாம் அந்தக் கணக்கில்தான். கட்டிக்கொடுத்த பெண் புருஷன் வீட்டுக் குலக்கூட்டத்தில் சேர்ந்துவிடுகிறாள். இது எனக்குத் தெரியாத விஷயம் அல்ல. கல்யாணம் ஆன நாளிலிருந்து நானும் அந்த வழக்கப்படிதான் பொங்கல் வைத்திருக்கிறேன். ஆனால் வேறு வீட்டுக்குப் போனவள் என்று எழுதுவது ஒன்று, பிறக்கவே இல்லை என்று எழுதுவது இன்னொன்று.

"வேன்ல வாரீங்கல்லொ, நேர்ல பேசிக்கலாம். ஆறாங்கல்லு அந்த வாரம் போயித்தான் வெட்ட ஆரம்பிப்பாங்க. வெட்டிப்போட்டா அப்பறம் ஒண்ணும் பண்ண முடியாது, பாத்துக்க" என்றார் பெரியப்பா. மிரட்டலாகச் சொல்லவில்லை, தேதி சொன்னார். எனக்கு மூன்று வாரம் இருந்தது.

பத்திரப் பயிற்சிக்கு ஆயுதம் தேடும் எண்ணத்தோடு போனேன். எங்கள் வீட்டில் பெண்ணுக்குச் சொத்து கொடுத்த பத்திரம் ஏதாவது கிடைத்தால் பெரியப்பா முன்னால் விரித்துவிடலாம் என்று கணக்கு. அப்பாவின் இரும்புப் பெட்டியில் தாய்ப்பத்திரக் கட்டு ஒன்று இருந்தது. நிலத்தை நாம் வாங்குமுன் அது யாரிடம் இருந்தது என்று காட்டும் பழைய பத்திரங்கள். எழுத்துகளைச் சேர்த்துச் சேர்த்து எழுதிய கூட்டெழுத்துக்குப் பயந்து அதை நான் பிரித்ததே இல்லை. ஊரார் வீட்டுப் பெட்டியையெல்லாம் திறக்கச் சொன்னவள், என் வீட்டுக் கட்டின் நூலை அவிழ்க்கவில்லை.

பயிற்சி கொடுத்தவர் ஓய்வுபெற்ற பத்திர எழுத்தர். கோட்டைமேட்டுக்காரர், தொப்பியும் தடிமனான கண்ணாடியுமாக வருவார். அவருடைய வீட்டில் மூன்று தலைமுறையாக இதே தொழில். எங்களை மிரட்டும் கூட்டெழுத்து அவருக்குக் கடைப் பலகை படிப்பது போல.

"இது தானமா எழுதிக் குடுத்த செட்டில்மெண்டுங்கம்மா" என்று என் பத்திரத்தைத் திருப்பினார். "ஆம்பளப் புள்ளை இல்லாததால மூணு பொண்ணுங்களுக்கும் சமமா எழுதி வச்சிருக்கார். பெரிய மனுசன்." எழுதிக் கொடுத்தவரின் பெயரையும், அவர் தகப்பனார் பெயரையும் நிதானமாகப் படித்தார்.

அந்தப் பெயர் எனக்குத் தெரியும். என் வம்சாவளியில் இரண்டாம் பக்கத்தில் இருக்கிறவர், என் கொள்ளுத்தாத்தாவின் அண்ணன். அவருடைய மூத்த பெண்கள் இருவர் பின்னால் தங்கள் பங்கு நிலத்தை என் கொள்ளுத்தாத்தாவுக்கே விற்றிருக்கிறார்கள். பத்திரம் எங்கள் பெட்டிக்கு வந்த வழி அது. மடிக்கணினியைத் திறந்து இரண்டாம் பக்கத்துக்குப் போனேன். அவர் பெயருக்குக் கீழே 'வாரிசு இல்லை' என்று இருந்தது.

அதைத் தட்டச்சு செய்தது கமிட்டி இல்லை, நான். ஏதோ ஒரு வீட்டில் காபி குடிக்கும்போது யாரோ ஒருவர் "அவருக்கு வாரிசு இல்லீங்க" என்று சொல்லியிருப்பார். நானும் அப்படியே போட்டிருக்கிறேன். பெண் இருந்தாளா என்று ஒரு கேள்வி கேட்கவில்லை. பேக்கரி மாடியிலேயே உட்கார்ந்து, கமிட்டி அனுப்பிய நகலையும் வைத்துக்கொண்டு முழுவதையும் தேடினேன். ஒன்பது இடத்தில் அந்தச் சொல் இருந்தது. ஏழு நான் எழுதியவை. அப்பாவுக்குக் கீழே ஒன்றும் வேறொருவருக்குக் கீழே ஒன்றும் மட்டும்தான் கமிட்டி எழுதியது. அந்தச் சொல்லைப் போடலாம் என்று அவர்களுக்குக் காட்டியதே என் காகிதம்தான். தன் முதுகு தனக்குத் தெரியாது என்பார்கள். எனக்கு அன்று நன்றாகத் தெரிந்தது.

"பொண்ணுங்க பேரு போட்டிருக்குங்களா?" என்று கேட்டேன்.

"மூத்தவங்க பேரு இருக்கு. ரெண்டாவதும் இருக்கு." தாளைத் தூக்கி வெளிச்சத்தில் பிடித்தார். "மூணாவது பேரைப் பூச்சி தின்னுபோட்டுதுங்கம்மா. மைனர்னு மட்டும் தெரியுது."

அடுத்த இரண்டு வாரமும் என் வீட்டில் சமையல் ஒழுங்காக நடக்கவில்லை. நகைப் பேச்சுக்கும் நான் போகவில்லை. அந்த ஏழு இடத்துக்கும் மறுபடி போன் போட்டேன். சிலவற்றுக்கு நேரில் போனேன், ஒரு நாள் சத்தியமங்கலம் வரைக்கும். இந்த முறை ஒரே கேள்விதான் கேட்டேன்: பெண் இருந்தாளா? நான்கு வீட்டில் இருந்திருக்கிறார்கள். கேட்டவுடன் சொன்னார்கள். நீங்கள் முன்னாடி கேட்கவில்லையே என்றும் சொன்னார்கள். மற்ற மூன்றில் உண்மையிலேயே குழந்தை இல்லை.

கடைசி ஞாயிறு, வேனில் பதினான்கு பேர். பத்திர எழுத்தரும் வந்தார். காங்கேயம் நெருங்கும்போது களத்தில் காயும் கொப்பரை வாசனை ஜன்னல் வழியாக வந்தது. கோயில் முன்னால் பந்தல் போட்டு, ஐந்து பலகைகளைச் சுவரோரம் சாத்தியிருந்தார்கள். இரண்டாம் பலகையில் கொள்ளுத்தாத்தாவின் அண்ணனுக்குக் கீழே நான் எழுதிய சொல் வெட்டி முடிந்திருந்தது. ஆறாவது பலகை தரையில் கிடந்தது. அதன்மேல் வெள்ளை மையால் எழுத்துகளை வரைந்து முடித்துவிட்டு, கல்தச்சர் டீ குடித்துக்கொண்டிருந்தார்.

பெரியப்பா எல்லோருக்கும் இளநீர் வெட்டச் சொன்னார். பிறகு என்னை வேப்பமரத்தடிக்குக் கூப்பிட்டு மெதுவாகச் சொன்னார். "கமிட்டில பேசிப்போட்டேன் அம்மணி. இத்தன வருசம் நீ அலைஞ்சிருக்கற. உன்ற பேரை மட்டும் உங்கப்பன் பேருக்குக் கீழ போட்டுடலாம். ஒருத்தரும் ஒண்ணும் சொல்ல மாட்டாங்க."

மூன்று வாரத்துக்கு முன்னால் இதைச் சொல்லியிருந்தால் காலில் விழுந்து கும்பிட்டிருப்பேன். இப்போதும் ஆசையாகத்தான் இருந்தது. அப்பாவின் பெயரும் என் பெயரும் ஒரே கல்லில்.

"என்ற பேரு மட்டும்னா வேண்டாங்க பெரியப்பா."

"அப்பறம்?"

"வாரிசு இல்லைன்னு போட்ட எடத்துல பொம்பளப் புள்ளைக இருந்தா, அத்தன பேரு பேரும் வேணுங்க. ஆறு எடந்தான். எழுதிக் கொண்டாந்திருக்கறேன்."

"வெட்டின கல்லை என்னத்தப் பண்றது? இன்னிக்கு உனக்கு எறங்கினா நாளைக்கு ஒவ்வொருத்தியும் வந்து நிப்பா."

"நிக்கட்டுங்க. வெட்டின கல்லுல தப்பு என்னுது. பழைய பலகையைத் தேச்சு வெட்டற செலவு நான் பாத்துக்கறேன்."

"வழக்கத்த மாத்தற வேலை எனக்கு வேண்டாம் கண்ணு" என்றார். குரல் உயரவில்லை. எங்கள் ஊரில் முடியாது என்பதையும் மரியாதையாகத்தான் சொல்வார்கள். அதுதான் எதிர்த்துப் பேசுகிறவர்களுக்குக் கஷ்டம்.

நான் தாளை நீட்டிக்கொண்டே நின்றேன். அதில் ஆறாவது இடம் எது என்று அவருக்குத் தெரியும். கமிட்டி எழுதிய இரண்டில் ஒன்று அப்பா. மற்றது அவரேதான். பெரியப்பாவுக்கு இரண்டு பெண்கள், ஒருத்தி திருப்பூரில், இன்னொருத்தி பெங்களூரில். தன் பெயருக்குக் கீழே வாரிசு இல்லை என்று தன் கையாலேயே எழுதிக் கொடுத்திருந்தார். வழக்கம் என்றால் வழக்கம், தனக்கொன்று ஊருக்கொன்று கிடையாது. அந்த நேர்மையை நான் குறைசொல்ல முடியாது.

அப்போது அவருடைய சட்டைப் பையில் போன் அடித்தது. ஸ்பீக்கரில் போட்டுத்தான் அவர் பேசுவார், காது கொஞ்சம் மந்தம்.

"அப்பா, மத்தியான மாத்திரை போட்டீங்களா?"

"இன்னும் சாப்படலே சாமி. போட்டுக்கறேன்."

"சாப்படறதுக்கு முன்னாடி போடறதுங்கப்பா அது. டப்பாவுல ஞாயித்துக்கெழமைன்னு எழுதியிருக்கும், பாருங்க. வெய்யல்ல நிக்காதீங்க."

"செரி சாமி."

போனைப் பையில் வைத்தார். இன்னொரு பையிலிருந்து மாத்திரை டப்பாவை எடுத்தார். ஏழு அறையும் ஏழு கிழமையுமாக மகள் கையெழுத்து. மாத்திரையை இளநீரோடு விழுங்கினார். நான் தாளை இன்னும் நீட்டியபடியே இருந்தேன்.

டப்பாவை மூடி, மேலே இருந்த கையெழுத்தைக் கட்டைவிரலால் தடவினார். பிறகு என் கையிலிருந்த தாளை வாங்கினார்.

"கமிட்டிக்கு நாஞ் சொல்லிக்கறேன்" என்றார். கல்தச்சரைப் பார்த்து, "ஏப்பா, அந்த மையத் தொடைச்சுப்போடு. வேற எழுதோணும்" என்றார்.

நானும் பத்திர எழுத்தரும் கல்தச்சரும் பலகைக்குப் பக்கத்தில் குத்துக்காலிட்டு உட்கார்ந்தோம். பத்திர எழுத்தர் ஒவ்வொரு பெயராகப் படிக்க, கல்தச்சர் குறித்துக்கொண்டார். இரண்டாம் பலகையின் மூன்று பெண்களுக்கு வந்தபோது கல்தச்சர் நிறுத்தினார்.

"மூணாவதுக்குப் பேரில்லீங்களே. பேரு தெரியாதவங்களுக்கு எதுக்குங்க ஒரு வரி?"

"இருந்தாங்கல்லங்க, அதுக்குத்தான்" என்றேன்.

அவர் பெரியப்பாவைப் பார்த்தார். பெரியப்பா தலையாட்டினார்.

கும்பாபிஷேகம் முடிந்துவிட்டது. என் பெயர் அப்பாவின் பெயருக்குக் கீழே இருக்கிறது. தடவிப் பார்த்தேன், கொஞ்சம் அழுதேன். இரண்டாம் பலகையில் இரண்டு பெயர்களுக்கு அடுத்து 'மகள்' என்று மட்டும் வெட்டி, ஒரு சாண் இடம் விட்டிருக்கிறது. கல்தச்சர் வேலையை முடிக்காமல் போய்விட்டாரா என்று அன்றைக்கு நாலைந்து பேர் கேட்டார்கள். அவர் முடித்துவிட்டார், முடிக்காதது நான் என்று சொன்னேன்.

அந்தப் பத்திரத்தின் பதிவு நகல் கேட்டுப் பத்திரப் பதிவு அலுவலகத்தில் மனு கொடுத்திருக்கிறேன். அவ்வளவு பழைய புத்தகத்தைத் தேட வேண்டும், திங்கட்கிழமை வந்து பாருங்கள் என்கிறார்கள். நான்கு திங்கட்கிழமை போய்விட்டேன். அங்கே இருக்கும் பெண் என்னைக் கண்டதும் நாற்காலியை இழுத்துப் போடுகிறாள். வாரிசு இல்லை என்று எழுத எனக்கு ஒரு நிமிஷம்கூட ஆகவில்லை. அந்த மூன்றாவது மகளின் பெயருக்கு எத்தனை திங்கட்கிழமை ஆனாலும் போவேன்.