பூசையில் வைத்த நிப்பு

நகைக்கடை விளம்பரத்துக்கு ஒரு அட்டிகை வரைந்து தர வேண்டும். படம் பிடித்துப்போனால் தீபாவளி நோட்டீஸ் முழுவதையும் எனக்கே தருவதாக அச்சாபீஸ்காரர் சொல்லியிருந்தார். விஜயதசமியன்று சாயங்காலத்துக்குள் அது அவர் கைக்குப் போக வேண்டும், இல்லாவிட்டால் வேறு ஆளைப் பிடித்துக்கொள்வாராம். கல்யாணமாகிக் கோச்சடைக்கு வந்ததிலிருந்து நான் காத்துக் கிடந்தது இந்த ஒரு வேலைக்குத்தான்.

நான் படம் வரைவது என் மாமியாருக்குப் பிடிக்காது என்று நினைத்துக்கொண்டிருந்தேன். பிடிக்கும் என்றும் அவர் சொன்னதில்லை, பிடிக்காது என்றும் சொன்னதில்லை. வரைந்து முடித்து, மை தொட்டு வரையும் பேனா நிப்பைக் கழுவித் துடைக்கும்போது மட்டும் பக்கத்தில் வந்து நின்று பார்ப்பார். பிறகு அடுப்படிக்குப் போய்விடுவார். அந்தப் பார்வைக்கு என்ன அர்த்தம் என்று யோசித்தே எனக்கு மண்டை காயும்.

சரஸ்வதி பூசையன்று வடைக்கு ஆட்டி வைத்துவிட்டு வந்து பார்த்தால், பூசைப் பலகையில் மாமனாரின் மளிகைக்கடைத் தராசுக்கும் அரிவாள்மனைக்கும் நடுவில் என் நிப்பு டப்பா உட்கார்ந்திருந்தது. பேனாக் கட்டைக்குச் சந்தனப் பொட்டு வேறு. பூசையில் வைத்ததை மறுநாள் வரை யாரும் தொடக்கூடாது. அடிப்பாவி, என்னை வரையவிடாமல் செய்யத்தானே இதைத் தூக்கி அங்கே வைத்தாள் என்று எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

மறுநாள் காலையில் சூடம் காட்டி முடித்ததும் டப்பாவை எடுத்துக்கொண்டு சன்னலோரம் உட்கார்ந்தேன். நிப்பை மையில் தோய்த்தேன். மை அதில் நிற்கவே இல்லை, முத்து முத்தாக உருண்டு நுனிக்கு ஓடியது. தாளில் இழுத்தேன், ஒன்றும் விழவில்லை. கொஞ்சம் அழுத்தினேன், பதக்கம் இருந்த இடத்தில் பொத்தென்று ஒரு சொட்டு. போச்சு! யுத்த காலத்தில் நல்ல தாள் கிடைப்பதே குதிரைக்கொம்பு. என்னிடம் இருந்ததே மூன்றுதான்.

புது நிப்பு என்றால் இப்படித்தான் படுத்தும். துருப்பிடிக்காமல் இருக்கக் கம்பெனிக்காரன் எதையோ பூசி அனுப்புவான், எச்சில் தொட்டுத் துடைத்தால் வழிக்கு வந்துவிடும். இதுவோ மாதக்கணக்கில் பழகின நிப்பு. தண்ணீரில் கழுவினேன். டப்பாவில் இருந்த வேறொன்றை மாற்றினேன். அதுவும் அதே கூத்து. மை கெட்டுவிட்டதா, தாளில் கோளாறா? இரண்டாவது தாளும் பாழானபோது, என் கைதான் போய்விட்டதோ என்று விரல்களை மடக்கி நீட்டிப் பார்த்தேன்.

கடைக்குக் கிளம்பிய என் வீட்டுக்காரர் எட்டிப் பார்த்தார். "எதுக்கு இம்புட்டு வெசனப்படுற? வரலைன்னா விடேன்."

"உங்க தராசு நிக்கலைன்னா விட்டுட்டு வந்துருவீகளா?" என்று வெடித்தேன். அவர் செருப்பை மாட்டிக்கொண்டு போய்விட்டார்.

நிப்பை ஒரு தம்ளர் தண்ணீரில் போட்டுவிட்டு அழுதுகொண்டிருந்தேன். சன்னல் வெயில் தம்ளருக்குள் விழுந்தது. தண்ணீர் மேல் சின்னச் சின்ன வட்டமாக ஏதோ மினுங்கியது. விரலில் தொட்டு மோந்து பார்த்தேன். நல்லெண்ணெய்!

"அத்தே! என் நிப்புல எண்ணெய் போட்டது யாரு?"

"நாந்தேன்," என்றபடி மாமியார் அடுப்படியிலிருந்து வந்தார். "தராசு, அருவாமனை, கத்திரிக்கோலு எல்லாத்துக்கும் எண்ணெய் போட்டுத் தொடச்சேன். உன் ஆயுதத்த மட்டும் சும்மா விட்டா நல்லாவா இருக்கும்? துருப்பிடிச்சுப் போகாது?"

உன் ஆயுதம் என்றார். சண்டைக்கு வாயெடுத்தவள் நான். இப்போது கோபப்படுவதா, காலில் விழுவதா? அப்படியானால் இத்தனை நாளும் பக்கத்தில் நின்று பார்த்தாரே, அது என்ன பார்வை?

"எண்ணெய் பட்டா மை ஒட்டாதுத்தே," என்று மட்டும் சொன்னேன்.

"எண்ணெய் போட்டா எல்லாம் நல்லால்ல ஓடும்?" என்று அவர் என்னைவிடக் குழம்பிப்போனார்.

சீயக்காய்த் தூளைப் போட்டுத் தேய்த்து, முந்தானையில் துடைத்து, கடைசித் தாளில் கை வைத்தேன். கோடு தலைமுடி மாதிரி மெல்லிசாக ஓடியது. அத்தை பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தார். பதக்கத்தின் கடைசிக் கல்லை முடிக்கும்வரை அவர் இருமக்கூட இல்லை.

சாயங்காலம் அச்சாபீஸ்காரர் படத்தைப் பார்த்துவிட்டுத் தீபாவளி நோட்டீஸை எனக்கே தந்துவிட்டார். ஓட்டமும் நடையுமாக வீட்டுக்கு வந்து அத்தையிடம்தான் முதலில் சொன்னேன். அவருக்கு முகமெல்லாம் பூரித்துப்போனது.

"பின்ன? பூசையில வச்சு எண்ணெய் போட்டதுல்ல!"

சிரிப்பும் அழுகையும் ஒன்றாக முட்டிக்கொண்டு வந்தது எனக்கு. "ஆமாங்கத்தே," என்றேன்.