நெதெல்யா தலையாட்டிய காட்சி

தேசிய விடுமுறை வந்தால் போதும், எங்கள் தொலைக்காட்சிக்கு வரலாறு பொங்கி வழியும். முரசு அடிப்பார்கள், புகை போடுவார்கள். தாடி ஒட்டிய நடிகர் ஒருவர் பனியில் தள்ளாடி நடப்பார். சம்பவம் என்னவோ நல்ல ஜூலை வெயிலில் நடந்ததாக இருக்கும். ரயில் வருவதும் கூட்டம் கைதட்டுவதுமான அதே கறுப்பு வெள்ளைப் படத்துண்டுதான் எல்லாப் போருக்கும். நடுவில் சலவைத்தூள் விளம்பரம். எக்கேடு கெட்டுப் போங்கள் என்று நானும் மிளகாய் கோத்துக்கொண்டே பார்த்துவந்தேன். இப்போது அந்த முரசுச் சத்தம் கேட்டாலே வயிறு பற்றி எரிகிறது. நெதெல்யாவுக்கு அவர்கள் செய்தது அப்படி.

நெதெல்யா என் பக்கத்து வீட்டுக்காரி. கூட்டுறவுப் பண்ணையில் புகையிலை தரம் பிரித்தே விரல் கறுத்துப்போனவள். கல்யாணம் ஆகவில்லை. வெளியூரிலிருந்து பெண் கேட்டு வந்தவர்கள் அவள் வீட்டு வாசலை மிதிக்கும் முன்பே யாராவது அவர்கள் காதில் போட்டுவிடுவார்கள்: "அது ஸ்தாமெனோட பொண்ணு."

ஸ்தாமென் ஆட்டுக்காரர். அரசாங்கம் நிலத்தையெல்லாம் கூட்டுறவுக்குப் பிடுங்கிய காலத்தில், கொடுக்க மாட்டோம் என்று ஏழு பேர் காட்டுக்குப் போய் ஒளிந்தபோது, அவர்களுக்கு ரொட்டி கொண்டுபோனவர் அவர்தான். போலீஸ் அவரைப் பிடித்து அடித்தது, பிறகு விட்டுவிட்டது. அந்த வாரமே ஆட்டுக்கிடையில் தூங்கிக்கொண்டிருந்த ஏழு பேரையும் சுட்டுப்போட்டார்கள். உயிரோடு விட்டார்களே, அவர்தான் காட்டிக் கொடுத்தார் என்று சொல்ல அது ஒன்று போதாதா ஊருக்கு? நகம் பிடுங்கிய விரல்களோடு அவர் திரும்பி வந்ததை யாரும் கணக்கில் எடுத்துக்கொள்ளவில்லை. சிறுமியாக இருந்த நெதெல்யாதான் அந்த விரல்களுக்குத் துணி சுற்றினாள். சில வருஷத்தில் அவர் செத்துப்போனார்.

செத்தவர்களை நினைக்கும் ஆத்மாக்கள் சனிக்கிழமையன்று நாங்கள் கோதுமை அவித்து, சர்க்கரையும் வால்நட்டும் கலந்து கல்லறைக்கு எடுத்துப்போவோம். வருகிறவர் ஒரு கரண்டி வாங்கித் தின்று, "கடவுள் மன்னிக்கட்டும்" என்று சொல்ல வேண்டும். அப்படிச் சொன்னால்தான் செத்தவருக்குச் சேரும். நெதெல்யா ஒவ்வொரு வருஷமும் கிண்ணத்தோடு அப்பாவின் கல்லறையருகே நிற்பாள். என்னைத் தவிர ஒருவர்கூடக் கை நீட்டியதில்லை. ஆட்சி மாறி, அந்த ஏழு பேருக்கும் சதுக்கத்தில் கல் நட்ட பிறகு, முன்பு முணுமுணுத்தவர்கள் எல்லாம் வாய்விட்டே ஏசினார்கள்.

கெல்யோ கிழவரின் அண்ணன் அந்த ஏழு பேரில் ஒருவர். தலைநகரிலிருந்து வரலாற்றுப் படம் எடுக்க ஆள் வருகிறது என்று தெரிந்ததும், மதுக்கடை வாசலில் அவர் எல்லார் முன்னாலும் சொன்னார்: "டிவில நெசத்தைச் சொல்லட்டும் நெதெல்யா. அவ அப்பன் குத்தவாளி இல்லைன்னா, முதல் கரண்டி கோதுமை நான்தான் திம்பேன்."

அவள் அன்று முழுக்கத் தரையில் கால் பாவாமல் திரிந்தாள். புதுத் திரைச்சீலை கூடத் தைத்து மாட்டினாள், பைத்தியக்காரி.

இயக்குநர் பெயர் தெசிஸ்லாவ். நல்ல பையன்தான், வாய் மட்டும் ஓயாது. விளக்கு, குடை, வயர் என்று அவள் அறையையே அடைத்துவிட்டான். நான் எல்லாருக்கும் காபி போட்டுக்கொண்டிருந்தேன்.

"அத்தை, உங்கப்பா அவங்களைக் காட்டிக் குடுத்தாரா?"

நெதெல்யா மோவாயை மேலே தூக்கி, "ப்ச்" என்றாள். "இல்லப்பா. நகத்தைப் பிடுங்கினாங்க. அப்பவும் எங்கப்பா வாயைத் தெறக்கல."

எங்கள் நாட்டில் மோவாயைத் தூக்கினால் "இல்லை" என்று அர்த்தம். இடமும் வலமும் ஆட்டினால் ஆமாம். தொட்டில் குழந்தைக்குக்கூடத் தெரியும். மற்ற உலகம் தலைகீழாக ஆட்டுகிறது, அது அவர்கள் தலையெழுத்து.

தெசிஸ்லாவ் நெற்றியைத் தேய்த்தான். "பிரமாதம் அத்தை. ஆனா இந்தப் படம் ஜெர்மனிக்கும் போகுது. அவங்க மாதிரி இன்னொண்ணு எடுத்துக்கலாமா? தலையை இப்பிடி, இப்பிடி ஆட்டுங்க. அங்க அதுக்குத்தான் 'இல்லை'ன்னு அர்த்தம். பேச வேணாம். பேசாம இருந்தாத்தான் நெஞ்சுல அறையும்."

"ஏம்ப்பா, அதை நம்ம ஊர்ல போட்டா என்ன ஆகிறது?" என்றேன்.

"ஐயோ அக்கா, நம்ம ஊருக்கு முதல்ல எடுத்ததைத்தான் போடுவோம். நீங்க காபியைப் பாருங்க."

நெதெல்யா மெதுவாகத் தலையை இடமும் வலமும் ஆட்டினாள். இல்லை என்று சொல்ல ஆமாம் ஆட்டுவது பழக்கமில்லாத வேலை, அவளுக்குக் கண்ணீரே வந்துவிட்டது. அவன் கைதட்டினான்.

படம் வந்த மாலையில் ஊரே மதுக்கடையில் கூடியது. நெதெல்யா முன்வரிசையில், நல்ல சட்டையில். முதலில் முரசு. பிறகு பனியில் ஆடுகள். உண்மையில் அவர்களைச் சுட்டது அறுவடை மாதத்தில். ஏழு பேர் ஒன்பது பேராகியிருந்தார்கள். எங்கள் ஊர் பெயரையே தப்பாகச் சொன்னார்கள், கடையில் சிரிப்பு எழுந்தது. பிறகு திரை நிறைய நெதெல்யாவின் முகம். வயலின் இழுத்தது. கனத்த குரல் ஒன்று கேட்டது: "தந்தை காட்டிக் கொடுத்தாரா? ஐம்பது ஆண்டுகளாக இந்த மகளைத் துரத்தும் கேள்வி."

திரையில் அவள் அழுதுகொண்டே தலையை இடமும் வலமும் ஆட்டினாள். முதலில் எடுத்தது வரவே இல்லை. மறுபடியும் ஆடுகள் வந்துவிட்டன.

கடையில் இருந்த தலைகளெல்லாம் நெதெல்யா பக்கம் திரும்பின.

"அட," என்றார் கெல்யோ, "அவளே ஒத்துக்கிட்டாளே."

நெதெல்யா எழுந்தாள். "இல்ல! ஜெர்மன்காரங்களுக்குப் புரியணும்னு அந்தப் பையன்தான் அப்பிடி ஆட்டச் சொன்னான்! யோவ்காவைக் கேளுங்க!" என்று என்னைக் காட்டினாள்.

"அப்பன் போலீஸ்காரன் சொன்னபடி ஆடினான், பொண்ணு டிவிக்காரன் சொன்னபடி ஆடறா," என்றது பின்னாலிருந்து ஒரு குரல். நான் நடந்ததைத் தொண்டை கிழியச் சொன்னேன். பக்கத்து வீட்டுக்காரி வேறென்ன சொல்வாள் என்று விட்டுவிட்டார்கள்.

நான் தெசிஸ்லாவுக்குப் போன் போட்டு வாய்க்கு வந்தபடி திட்டினேன். அவன் உண்மையிலேயே பதறினான். "அவசரத்துல ஜெர்மன் பிரதியையே இங்கயும் போட்டுட்டாங்க அக்கா. மறு ஒளிபரப்புல சரிபண்ணிடறேன்." சரிபண்ணினான், பாவி. அதே காட்சி, அதே தலையாட்டல், கீழே மட்டும் "இல்லை" என்று எழுத்து.

கெல்யோ சொன்னார்: "எழுத்தை எவன் வேணும்னாலும் எழுதலாம். தலை அவளோடதுதானே?"

அதன் பிறகு வருஷத்துக்கு ஒருமுறை, விடுமுறை தவறாமல், அதைப் போட்டார்கள். வெளிநாட்டில் ஏதோ பரிசும் கிடைத்ததாம். அதைக் கேட்டு நெதெல்யா சிரித்தாள். "பாத்தியா யோவ்கா, ஜெர்மன்காரங்களுக்கு எங்கப்பா நல்லவரு. அங்க கொண்டுபோய்ப் புதைச்சிருக்கணும்."

அவள் தலையாட்டுவதையே விட்டுவிட்டாள். காபி வேண்டுமா என்று கேட்டால் கழுத்தை விறைப்பாக வைத்துக்கொண்டு "வேணும்" என்பாள். கடையில் ரொட்டி வாங்கும்போதும் அப்படித்தான். பார்க்கப் பார்க்க எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வரும். கோதுமை அவிப்பதையும் நிறுத்தினாள். ஒரு நவம்பரில் நெஞ்சில் சளி கட்டியது, எழுந்திருக்கவில்லை.

அப்பாவுக்குப் பக்கத்திலேயே புதைத்தோம். கோதுமை நான் அவித்தேன். கிண்ணத்தோடு கல்லறைத் தோட்டத்து வாசலில் நின்றேன். வந்திருந்தார்கள், மறுக்க முடியாது. சாவுக்கு வராமல் இருக்க மாட்டார்கள் எங்கள் ஆட்கள். கெல்யோ முன்னால் வந்து கரண்டியைக் கையில் எடுத்தார்.

"யாருக்கு இது? அவளுக்குத்தானே?" என்றார். "அவளுக்குன்னா திங்கறேன். பாவம், பொண்ணு என்ன பண்ணுவா. அப்பன் பேரைச் சேக்காதே."

அவருக்குப் பின்னால் எல்லாரும் காத்து நின்றார்கள். ஆமாம் என்று நான் சொன்னால் கிண்ணம் காலியாகிவிடும். ஒரு கை நீளாதா என்று வாழ்நாள் முழுக்க நின்றவள் அவள். இப்போது ஊரே நீட்டுகிறது. சொல் நுனிநாக்கு வரை வந்துவிட்டது.

"ரெண்டு பேருக்கும்," என்றேன்.

கெல்யோ கரண்டியைத் திரும்ப வைத்தார். மற்றவர்களும் என்னைச் சுற்றிக்கொண்டு வெளியே போனார்கள். நான் உள்ளே திரும்பிப் போய் இரண்டு குழிகளுக்கும் நடுவே ஈரமண்ணில் உட்கார்ந்து, அவள் பெயரையும் அவர் பெயரையும் சொல்லி, "கடவுள் மன்னிக்கட்டும்" என்று சொல்லிச் சொல்லி, ஒரு பருக்கை விடாமல் நானே தின்றேன்.