காயில்காரர் செய்த கல்

அந்த வட்டாரத்தில் எந்த வீட்டு இஸ்திரிப் பெட்டி படுத்துக்கொண்டாலும், எந்த வெந்நீர் ஹீட்டர் மக்கர் பண்ணினாலும், கடைசியில் அது காயில்காரரின் மேஜைக்குத்தான் வந்து சேரும். வீட்டின் முன்னறைதான் கடை. அவர் சுற்றிக் கொடுத்த காயில் எரிந்துபோனது என்று ஒருவரும் திரும்பி வந்ததில்லை. அந்தப் பெருமை தலைக்கேறிப் பல காலமாயிற்று. சூட்டைப் பற்றி அவருக்குப் பாடம் எடுக்க வந்தவர்கள் நன்றாக வாங்கிக்கட்டிக்கொண்டு போனார்கள்.

மனைவி போய்ச் சேர்ந்த பிறகு தனியாக இருந்தவரிடம் ஒரே மகள் திரும்பி வந்தாள். ஒரு கையில் பெட்டி, இன்னொரு கையில் கண்ணாடித் தொட்டி. தொட்டிக்குள் பாலைவனத்து ஓணான் ஒன்று. மாப்பிள்ளை ஆசைப்பட்டு வாங்கி, அலுத்துப்போய் மூலையில் போட்டது. தலையை நிமிர்த்தி அது உட்காரும் தோரணைக்காக மகள் அதற்குத் துரை என்று பெயர் வைத்திருந்தாள்.

கல்யாணமான புதிதிலிருந்தே மாப்பிள்ளைக்குக் கை நீட்டும் பழக்கம். அவள் போனில் அழும்போதெல்லாம் அப்பாவிடம் ஒரே பதில்தான் இருந்தது. "கொஞ்சம் பொறுத்துப் போம்மா. எல்லாம் சரியாயிடும்." உதடு கிழிந்து அவள் வாசலில் வந்து நின்றபோதும் மனுஷன் வாய் சும்மா இருக்கவில்லை. "இவ்வளவு நடந்திருக்கே, முன்னாடியே எழுந்து வர வேண்டியதுதானே?" என்றார். அன்றோடு மகள் பேச்சைக் குறைத்துக்கொண்டாள். சாப்பாடு வைப்பாள், தட்டை எடுப்பாள், துரையோடு அறைக்குள் போய்விடுவாள்.

அவள் மறுபடி வாய் நிறைய "அப்பா" என்று கூப்பிட வேண்டும். அவருக்கு வேறு ஆசையே இல்லை. கேட்கத்தான் வாய் வரவில்லை.

மழைக்காலத்தில் துரைக்குச் சூடு கொடுத்துவந்த விளக்கு பியூஸ் போனது. துரை சுருண்டு, கறுத்து, இரை எடுக்காமல் கிடந்தது. மகள் வேலைக்குக் கிளம்பும் அவசரத்தில் சொன்னாள்.

"பீங்கான் ஹீட்டருக்குச் சொல்லியிருக்கேன்ப்பா, வந்துடும். மேலேருந்துதான் சூடு வரணும். தொட்டியில ஒரு பக்கம் வெக்கையா, ஒரு பக்கம் குளிர்ச்சியா இருக்கணும். எது வேணுமோ அங்க அதுவே போய்க்கும்."

காயில்காரருக்கு அல்வா சாப்பிட்ட மாதிரி ஆகிவிட்டது. கடைக்காரன் ஹீட்டர் எதற்கு, நான் எதற்கு? அன்று வந்த வேலையையெல்லாம் ஒதுக்கிவிட்டு, காயில் சுற்றி, பழைய இஸ்திரிப் பெட்டியின் தெர்மோஸ்டாட்டைக் கோத்து, சிமெண்டில் புதைத்துக் கல்லாகச் செய்தார். உள்ளங்கையை வைத்துப் பார்த்தார். வெதுவெதுவென்று இருந்தது. தொட்டிக்குள் வைத்தவுடன் துரை ஏறிப் படுத்துக் கண்ணை மூடிக்கொண்டது.

சாயங்காலம் வந்த மகள் தயங்கினாள். "கீழேருந்து சூடு கூடாதுன்னு சொல்றாங்களேப்பா."

"எவன் சொன்னான்? தொட்டுப் பாரு. எவ்வளவு சுகமா படுத்திருக்கான் உன் துரை!"

தொட்டுப் பார்த்தாள். சிரித்தாள். "அப்பா கைவேலைன்னா சும்மாவா" என்றாள். பிறகு வந்த பீங்கான் ஹீட்டர் பிரிக்கப்படாமலே அலமாரிக்குப் போனது.

அந்தக் கல் ஒரு நாளும் பழுதாகவில்லை. பழுதாகித் தொலைந்திருந்தால் தேவலை.

தொட்டியைக் கழுவ ஒரு நாள் துரையைத் தூக்கிய மகள் அலறினாள். வயிறு முழுக்கத் தோல் வெந்து உரிந்திருந்தது. கால்நடை மருத்துவர் மருந்து தடவிக்கொண்டே சொன்னார்: "இதுங்களுக்கு வெயில்னா மேலேருந்துதான். வயித்துல சுடுறது சரியாத் தெரியாது. கதகதப்பா இருக்குன்னு அங்கேயே கிடந்திருக்கு."

காயில்காரருக்குப் பொறுக்கவில்லை. தன் வேலையில் குறை என்று யாரும் அதுவரை சொன்னதில்லையே. "சுட்டா எழுந்து போகாதா? அதுக்குக் கால் இல்லையா?" என்று பொரிந்தார்.

மகள் திரும்பி அவரைப் பார்த்தாள். "என்னையும் இப்படித்தான் கேட்டீங்க" என்றாள். மருத்துவர் குனிந்து பஞ்சைத் தேடினார்.

துரை பிழைத்தது. வயிற்றில் தழும்பு மட்டும் போகவில்லை. மகள் பீங்கான் ஹீட்டரைத் தொட்டிக்கு மேலே மாட்டினாள், இரு பக்கமும் வெப்பமானி வைத்தாள், வேலைக்குப் போகும்போது அறையைப் பூட்டிக்கொண்டு போனாள். கொஞ்ச நாளில் வேலை செய்யும் இடத்துக்குப் பக்கத்திலேயே ஓர் அறை பார்த்துவிட்டாள்.

கிளம்பும் அன்று தொட்டியை ஆட்டோவில் ஏற்ற உதவலாமென்று அவர் கை நீட்டினார். "பரவாயில்ல, நானே வெச்சுக்கிறேன்" என்று மடியில் வைத்துக்கொண்டாள். ஆட்டோ கிளம்பும் சத்தத்தில் அவருக்கு அவசரம் வந்தது. கம்பியைப் பிடித்துக்கொண்டு குனிந்தார்.

"அங்க ஏதாவது கஷ்டம்னா உடனே எழுந்து வந்துடும்மா. ஒண்ணும் யோசிக்காத."

மகள் தொட்டியின் மேல் துணியைச் சரிசெய்தாள்.

"இதை அப்பவே சொல்லியிருக்கலாமேப்பா" என்றாள்.