பரிபூரணத்தின் இரட்டைப் புறா

இராஜபாளையத்தில் பரிபூரணம் பேண்டேஜ் துணி தயாரிக்கத் தொடங்கியது 1979இல். கணவர் பட்டாளத்தில் இருந்தார். எட்டுத் தறிகளையும் பத்துப் பெண்களையும் வைத்து வேலையை நடத்தியவள் அவள்தான். ஒவ்வொரு பொட்டலத்திலும் இரட்டைப் புறா படம் போட்ட லேபிளை ஒட்டுவாள். சில வருடங்களிலேயே நர்சுகள் கடைக்குப் போய், "புறா பேண்டேஜ் குடுங்க" என்று கேட்கும் அளவுக்கு அது பெயரெடுத்தது.

1986இல் ஸ்ரீவில்லிபுத்தூர் மருந்துக் கடை ஒன்றிலிருந்து சரக்கு பிரிக்காமலேயே திரும்பி வந்தது. பஸ் ஏறிப் போய் விசாரித்தாள். கடைக்காரர் சீனிச்சாமி சங்கடத்தோடு ஒரு கடிதத்தை நீட்டினார்.

"புறா மார்க் தன்னோடதுன்னு சௌந்தரபாண்டியன் எழுதியிருக்காரும்மா. ஒங்க சரக்க வித்தா கேஸ் போடுவாராம்."

சௌந்தரபாண்டியன் இரண்டு வருடமாக அவளிடம் சரக்கு எடுத்து வெளியூர்களில் விற்றுவந்தவன். அக்கா அக்கா என்று வாய் நிறையக் கூப்பிட்டு, அவள் வீட்டில் சாப்பிட்டவன்.

நேராக வக்கீல் கருத்தையாவிடம் போனாள். அவர் மெட்ராஸிலுள்ள டிரேட்மார்க் பதிவு அலுவலகத்துக்கு எழுதி விண்ணப்பத்தின் நகலை வரவழைத்தார். புறா சின்னத்தைத் தன் பெயரில் பதியக் கேட்டிருந்தான் சௌந்தரபாண்டியன். அது அரசு இதழிலும் வெளியாகிவிட்டது. ஆட்சேபிக்க மூன்று மாதம்தான். அதில் இரண்டு போய்விட்டது.

"நீங்க ஏம்மா பதிவு பண்ணாம விட்டிய?"

"எனக்கு யாரு சார் சொன்னா? வரி ஆபீஸ்ல சொன்னாங்களா, பேங்க்ல சொன்னாங்களா? உழைச்சவளுக்குத் தெரியல, திருடுனவனுக்குத் தெரிஞ்சிருக்கு!"

நகலில் அவளுடைய லேபிள்தான் இருந்தது. அடியில் 'தயாரிப்பு: பரிபூரணம்' என்றிருந்த வரியை மட்டும் கத்தரித்திருந்தார்கள்.

அன்றே சிவகாசிக்குப் போனாள். அவளுக்கு லேபிள் அடித்துக் கொடுக்கும் அச்சகத்தில், அடித்த லேபிள் ஒவ்வொன்றையும் தேதி போட்டு ஃபைலில் ஒட்டிவைத்திருந்தார்கள். 1979இல் அடித்த புறா அதில் அப்படியே இருந்தது. மிஷன் ஆஸ்பத்திரியிலிருந்து பழைய ஆர்டர் கடிதங்களும் கிடைத்தன. கெடு முடிய நான்கு நாள் இருக்கும்போது ஆட்சேபணை மனு போய்ச் சேர்ந்தது.

விசாரணைக்கு வர நான்கு வருடம் ஆயிற்று. மெட்ராஸில், "இந்தம்மா என் கட்சிக்காரருக்குக் கூலிக்கு நெய்து கொடுத்தவர்" என்றார் சௌந்தரபாண்டியனின் வக்கீல். பரிபூரணம் யாரும் கேட்காமலே எழுந்துவிட்டாள்.

"எண்பத்துநாலுல இருந்து விக்கிறதா அவரே எழுதிக் குடுத்திருக்காரு. அதுக்கு அஞ்சு வருஷம் முந்தி நான் யாருக்குக் கூலிக்காரின்னு கேளுங்க சார்!"

முதலில் பயன்படுத்தியவள் அவள்தான் என்று சொல்லி, சௌந்தரபாண்டியனின் விண்ணப்பத்தைப் பதிவு அதிகாரி தள்ளுபடி செய்தார். ஆனால் அதற்குள் பாதிக் கடைகள் வேறு சரக்குக்கு மாறியிருந்தன. அவளும் விண்ணப்பித்து, அவள் பெயரில் பதிவுச் சான்று வந்தது 1994இல்.

பிறகு புதிதாக யூனிட் போடுகிறவர்களைப் பார்த்தால் விடமாட்டாள். "அந்தப் பேரு வேற யாருகிட்டயும் இருக்கான்னு மொதல்ல தேடிப் பாருங்க. யாருகிட்டயும் இல்லேன்னா ஒடனே ஒங்க பேருல பதிவுக்கு எழுதிப் போடுங்க. பொறவு பாப்போம்னு இருந்துராதிய."

ஒருநாள் பஸ் நிலையத்தில் சௌந்தரபாண்டியன் சிரித்துக்கொண்டே வந்தான். "பழச மனசுல வச்சுக்காதிய அக்கா."

"எட்டு வருஷம் என்னை அலைய வச்சுட்டு, பழசுங்கியாலே? இனிமே அக்கான்னு கூப்பிடாத" என்றாள், சுற்றி நின்றவர்கள் திரும்பிப் பார்க்கும்படி. வீட்டுக்கு வந்து சேர்ந்த பின்னும் அவளுக்குக் கோபம் ஆறவில்லை.