துக்க மண்டபத்துப் பிளக் பாயிண்ட்

தினமும் மணிக்கணக்கில் கரண்ட் போகும் சந்தியாகோ நகரத்தில், தையல் ஆலை வேலையை உதறிவிட்டு நெரெய்தா முடி அலங்காரக் கடை திறந்தபோது அக்கம்பக்கத்தார் ஒரே கேள்விதான் கேட்டார்கள்: "கரண்ட்டுக்கு என்னடி பண்ணுவே?" நியாயமான கேள்வி. ஈரத் தலையை உருளைகளில் சுற்றிக் காயவைத்து, பிறகு சூட்டுக் காற்றில் நீவி நேராக்க வேண்டும். அதற்குக் குறைந்த எதையும் அந்த ஊர்ப் பெண்கள் அலங்காரம் என்றே ஒப்புக்கொள்ள மாட்டார்கள். அவள் வாங்கிய இன்வெர்ட்டரோ ஒரு விளக்கையும் மின்விசிறியையும்தான் தாங்கும். ஹேர் டிரையரைச் செருகினால் கீச்சென்று கத்திவிட்டு அணைந்துபோகும்.

அதற்கும் அவள் ஒரு வழி வைத்திருந்தாள். கரண்ட் போனால் வாடிக்கைக்காரிகள் உருளைத் தலையோடு வீட்டுக்குப் போய்ச் சோறு பொங்கலாம், பீன்ஸ் வேகவைக்கலாம். உருளைத் தலையோடு தெருவில் நடக்க அங்கே யாருக்கும் வெட்கமில்லை. கரண்ட் வந்ததும் தெரு முழுக்க 'ஓ'வென்று கூச்சல் எழும். அதைக் கேட்டுத் திரும்பி வந்தால் போதும். இப்படியே ஐந்து மாதம் ஓட்டிவிட்டாள்.

டிசம்பரில் ஒரு சனிக்கிழமை, முதல் மணப்பெண்ணாக யொகாஸ்தா வந்தாள். ஐந்தரை மணிக்குக் கல்யாணம். "இவ தலை நல்லா வந்தா எங்க தெருவே இனிமே உங்கிட்டதான்," என்றாள் கூட வந்த தாய். சொல்லாமல் விட்ட மறுபாதி நெரெய்தாவுக்குப் புரிந்தது. சொதப்பினால் கடையை மூடிவிட்டுத் தையல் ஆலை வாசலில் போய் நிற்க வேண்டியதுதான்.

உருளைகளைச் சுற்றி முடிக்கவும் கரண்ட் போகவும் சரியாக இருந்தது. மணி நாலானது. திடீரென்று தெருவே 'ஓ'வென்று கத்தியது. நெரெய்தா மளமளவென்று உருளைகளை உருவி எறிந்துவிட்டு டிரையரை அழுத்தினாள். அது மூச்சுவிடவில்லை. எதிர் மளிகைக்கடையில் பேட்டரி ரேடியோவில் பேஸ்பால் ஆட்டம். எவனோ பந்தை மைதானத்துக்கு வெளியே அடித்திருக்கிறான். பாழாய்ப்போன பந்து! பாதி ஈரத்தில் அவிழ்ந்த முடி கண்ணெதிரே உப்பிக்கொண்டு கிளம்பியது.

"ஐயோ, என் தலை!" என்று யொகாஸ்தா அலறினாள்.

அந்த வட்டாரத்தில் கரண்ட் போகாத இடம் ஒன்றே ஒன்றுதான். எதிர்ச்சாரியில், மருத்துவமனைக்குப் போகும் கம்பியிலேயே இணைப்பு வாங்கியிருந்த துக்க மண்டபம். நெரெய்தா டிரையரைக் கையில் எடுத்துக்கொண்டு, "வாம்மா, அங்க போயிடலாம்," என்றாள்.

தாய் சிலுவைக் குறி போட்டாள். "கல்யாணப் பொண்ணைப் பொணத்துக்கிட்டயா? வெளங்குமா?"

"இந்தத் தலையோட கோயிலுக்குப் போறதுக்கு அங்க போறதே தேவலைம்மா," என்று மகள் முன்னால் நடந்தாள்.

உள்ளே பேருந்து ஓட்டுநர் எலிஹியோவின் உடல் பெட்டியில் கிடந்தது. முன் வரிசையில் அவர் மனைவி ஃபிலோமேனா. கூடத்தில் வேலை செய்த பிளக் பாயிண்ட் ஒன்றுதான். அதில் பெட்டியின் தலைமாட்டு மின் மெழுகுவர்த்திகள் எரிந்துகொண்டிருந்தன. நெரெய்தா டிரையரோடு அதன் பக்கத்தில் போய் நின்றாள். ஃபிலோமேனா பெண்ணின் தலையைப் பார்த்தாள், டிரையரைப் பார்த்தாள். எழுந்து போய்த் தானே பிளக்கைப் பிடுங்கினாள்.

"முப்பது வருஷமா, நான் தலை அலங்காரம் முடிச்சு வர்ற வரைக்கும் வண்டியில உக்காந்து காத்திருந்த மனுஷன்டி. இன்னும் அரை மணி நேரம் இருக்க மாட்டாரா? நீ பண்ணு."

யாரோ சிரித்தார்கள், பிறகு கூடமே சிரித்தது.

நாலே முக்காலுக்கு யொகாஸ்தாவின் முடி தோளில் வழுவழுவென்று விழுந்தது. தாய் சுற்றிச் சுற்றிப் பார்த்தாள். "அடுத்த வாரம் என் தங்கச்சியக் கூட்டிட்டு வர்றேன். ஆனா கடைக்கு!" என்றுவிட்டு மகளை இழுத்துக்கொண்டு ஓடினாள். நெரெய்தாவுக்கு அப்போதுதான் உயிர் வந்தது.

மெழுகுவர்த்திகளைத் திரும்பச் செருகப் போனாள். ஃபிலோமேனா அவள் கையைப் பிடித்தாள்.

"எனக்கும் நீவிவிடு. ஒரு வாரமா ஆஸ்பத்திரியிலேயே கெடந்து தலை பரட்டையாப் போச்சு. நாளைக்கு அடக்கம்."

ஒரு பக்கம் முடிந்த நேரத்தில் வெளியே மறுபடி 'ஓ'வென்று கூச்சல். இந்த முறை நெரெய்தா அவசரப்படவில்லை. ஜன்னலில் எட்டித் தன் கடையைப் பார்த்தாள். பெயர்ப்பலகை எரிந்தது.

"நெசமாவே வந்துடுச்சுக்கா. கடையில நாற்காலி சௌகரியமா இருக்கும். போலாமா?"

"வேணாம், இங்கயே முடி," என்றாள் ஃபிலோமேனா, பெட்டியைப் பார்த்தபடி. "எப்பவும் எல்லாம் முடிஞ்ச பிறகுதான் பார்த்திருக்காரு. இன்னிக்குக் கூடவே இருந்து பார்க்கட்டும்."