பின்பக்கம் திறந்த மவுத்தார்கன்

என் மனைவியின் குரல் கனமானது. அவள் பாடும் நலங்குப் பாட்டின் இரண்டாவது அடி, கடையில் கிடைக்கும் மவுத்தார்கனின் முதல் ஓட்டைக்கும் கீழே இறங்கிவிடும். துணைக்கு ஒரு வாத்தியம் இல்லையென்றால் பாதியிலேயே சுருதி நழுவிவிடும். அவளுடைய அண்ணன் மகளுக்குச் சித்தூரில் நிச்சயதார்த்தம். அத்தை என்ற முறையில் அங்கே பாட வேண்டும் என்று அவளுக்கு ஆசை. அண்ணனோ போனிலேயே சொல்லிவிட்டார்: "நீ பாடுனா ட்ராக்டர் ஸ்டார்ட் ஆவுற மாதிரி இருக்குது பாப்பா. மாப்ள வூட்டுக்காரங்க எழுந்து பூடுவாங்க."

செல்போனில் சுருதி போட்டுக்கொள்ளலாமே என்றேன். "நடுவுல எவனாச்சும் லோன் வேணுமான்னு கால் பண்ணுவான்" என்றாள்.

எனக்கு மவுத்தார்கன் வாசிக்கத் தெரியும். வேண்டியதெல்லாம் கீழே இன்னும் மூன்று ஓட்டைகள்தான். என் பத்து ஓட்டை மவுத்தார்கனைப் பிரித்தேன். பலமனேர் சந்தையில் வாங்கிய, மூடி துருப்பிடித்த ஒரு கனத்த மவுத்தார்கனையும் பிரித்தேன். அதன் பித்தளைத் தகடுகளில் தாழ்ந்த சுரங்கள் உள்ள மூன்று ஓட்டை அளவை ரம்பத்தால் அறுத்து, என் தகடுகளின் இடது பக்கம் சேர்த்தேன். தகட்டில் அதிர்ந்து ஒலிக்கும் ரீட் நாக்குகளின் நுனியைச் சுரண்டினால் சுரம் ஏறும், அடியைச் சுரண்டினால் இறங்கும். சாப்பாட்டு மேசையை ஒரு வாரம் யாரும் பயன்படுத்த முடியவில்லை. மேல் மூடிக்கு ஒரு டிபன் பாக்ஸ் மூடியை வெட்டினேன். அது யாருடைய டிபன் பாக்ஸ் என்பது வெட்டிய பிறகுதான் தெரிந்தது.

"பாட்டு பாடறதுக்கு முன்னாடியே பட்டினி போடறீங்களா?" என்றாள் மனைவி.

தகடுகளுக்கு நடுவில் வைக்க, அறை அறையாகக் குடைந்த ஒரு மரக்கட்டை வேண்டும். திருப்பதியில் எங்கள் தெருமுனையில் இருக்கும் தச்சரிடம் போனேன். அவர் பேசுவது தெலுங்கு. என் தெலுங்கு அவருடைய தமிழைப் போலத்தான். எச்சிலில் ஊறாத கட்டையாக வேண்டும் என்றேன்.

"ஊறாத கட்டைன்னா எர்ர சந்தனம்தான் சார். மீரு ஜெயிலுக்கு, நேனு ஜெயிலுக்கு. தேக்கு சாலு" என்றார்.

இரண்டு பேரும் ஜெயிலுக்குப் போக வேண்டாம், செம்மரமும் வேண்டாம், தேக்கே போதும் என்று முடிவானது. அளவுகளை வரைந்து கொடுத்தேன். முன்பக்கம் பதின்மூன்று ஓட்டைகள். பின்பக்கம் காற்றுப் போகாத சுவர். சுவரைக் கோடாக வரைந்தேனே தவிர, எழுத்தில் குறிக்கவில்லை. மறுநாள் நான் பஸ்ஸில் நின்றுகொண்டிருந்தபோது போன் செய்தார்.

"சார், வெனக ஏம் செய்யாலி?"

பின்னால் என்ன செய்வது என்று கேட்கிறார். கூட்ட நெரிசலில் தெலுங்கு வரவில்லை. "மூடு" என்றேன்.

"மூடா?"

"ஆமா, மூடு."

"சரே சார்."

நிச்சயதார்த்தத்துக்கு முந்தின நாள் கட்டை வந்தது. வேலை அருமை. கீழ்ச்சுர அறைகளின் பின்பக்கம் அழகாக மூன்று ஓட்டைகள். தெலுங்கில் மூடு என்றால் மூன்று. அவர் 'மூன்றா?' என்று கேட்டிருக்கிறார், நான் 'மூடவா?' என்று எடுத்துக்கொண்டேன். தமிழில் அந்த 'மூடா'வுக்கு இன்னொரு பொருளும் உண்டு. அதுதான் எனக்குப் பொருந்தியது.

தச்சர் ஒரு கல்யாணத்துக்காக நாயுடுபேட்டை போயிருந்தார். வேறு வழியில்லாமல் மூன்று ஓட்டைகளையும் மெழுகால் அடைத்தேன். வீட்டில் வாசித்தபோது கீழ்ச்சுரங்கள் நன்றாகவே வந்தன. மனைவி இரண்டாவது அடியைப் பாடிப் பார்த்துவிட்டு, எந்தப் புடவை கட்டுவது என்று யோசிக்கப் போய்விட்டாள்.

சித்தூர் மண்டபத்தில் மின்விசிறிகள் சுற்றியும் வெக்கை குறையவில்லை. தாம்பூலம் மாற்றி முடிந்ததும் மனைவி தானே போய் மைக்கை எடுத்துக்கொண்டாள். முதல் அடி நன்றாகப் போயிற்று. இரண்டாவது அடிக்கு இறங்கினோம். வெக்கையிலும் என் மூச்சுச் சூட்டிலும் இளகியிருந்த மெழுகு வரிசையாகத் தெறித்தது. அதில் ஒன்று தாம்பூலத் தட்டில் விழுந்தது. அப்புறம் வெறும் "புஸ்" மட்டும்தான்.

அண்ணன் என்னைப் பார்த்து, "இன்னா மாப்ள, பஞ்சரா?" என்றார். மண்டபம் சிரித்தது.

ஓட்டைகளை நானே அடைத்திருக்கலாம். ஆனால் டிபன் பாக்ஸ் மூடி நழுவாமலிருக்க இரண்டு முனைகளையும் இரண்டு கைகளாலும் இறுக்கிப் பிடித்திருந்தேன். உபரியாக ஒரு விரல்கூட இல்லை. மனைவி பாட்டை நிறுத்தவில்லை. மைக்கை இடக்கைக்கு மாற்றி, வலக்கையின் மூன்று விரல்களைக் கட்டையின் பின்பக்க ஓட்டைகளில் வைத்து அழுத்தினாள். அவளுடைய வளையல்கள் என் மூக்கில் இடித்தன. சுரம் வந்தது. அதன் மேல் அவள் குரல் போய் உட்கார்ந்தது. கடைசி அடிவரை நழுவவில்லை.

மாப்பிள்ளையின் அம்மா, "இன்னொன்னு பாடும்மா, கணீர்னு இருக்குது" என்றார்.

அண்ணன் மைக்குக்குக் கை நீட்டினார். "போதும் பாப்பா, சாப்பாடு ஆறிக்கினு கீது."

"ஆறட்டும்ணா. எனக்குக் கை வலிக்குது. நீ வந்து இங்க வெரல வை."

சம்பந்தி வீட்டார் முன்னால் மறுக்க முடியவில்லை. பட்டு வேட்டியை ஒதுக்கிக்கொண்டு வந்து என் முன்னால் குனிந்து விரல்களை வைத்தார். வைத்த இடம் என் மீசை.

"கீழண்ணா, கீழ" என்று மைக்கிலேயே சொல்லிவிட்டு, அவள் அடுத்த பாட்டைத் தொடங்கினாள்.