தாழ்ப்பாள் உடைந்த கதவு

பத்து காவான் என்ற ஊரில் ஒரு தொழிற்சாலையில் பொறியாளராகச் சேர்ந்த இரண்டாவது மாதம். யாரும் கேட்காமலே ஒரு பட்டியல் போட்டேன்: எந்த ஆபரேட்டர் இயந்திரத்தை விட்டு எத்தனை நிமிடம் போகிறார் என்று. காலைக் கூட்டத்தில் பெயர்களோடு திரையில் காட்டினேன். மாலதி அக்காவின் பெயர் சிவப்பில் இருந்தது. தினமும் இரண்டு முறை, அரை அரை மணி நேரம்.

ஆபரேட்டர்களை மேற்பார்க்கும் லைன் லீடர் பதவி உயர்வுக்கு அவர் பெயர்தான் முதலில் இருந்தது. "அப்போ வேற ஆள பார்ப்போம்," என்றார் மேலாளர்.

அன்று மதியம் கழிவறைக் கதவைத் தள்ளினேன். உள்ளே அக்கா நின்றபடி தாய்ப்பால் எடுத்துக்கொண்டிருந்தார்.

"பிள்ளைக்கு நாலு மாசம்லா. வேற எங்க போறது? தூசு படாம போடுற இந்த உடுப்பக் கழட்டி மாட்டவே பத்து நிமிஷம். நீயும் பொம்பளதானே, ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்ல?"

உடனே மேலாளரிடம் ஓடினேன். "அடுத்த வருஷம் பார்க்கலாம்," என்றார். பதவி வேறொருவருக்குப் போனது.

இப்போது தினமும் மூன்று மணிக்கு அந்தக் கதவை வெளியிலிருந்து பிடித்துக்கொண்டு நிற்கிறேன்.

"எத்தன நிமிஷம் ஆச்சு, எஞ்சினியர் அம்மா?" என்று உள்ளிருந்து கேட்பார் அக்கா.

நான் கடிகாரத்தைப் பார்ப்பதில்லை.